மணற்பாறைக்கும் தேய்மானக் கணக்கு உண்டு

கணக்கியலில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. வாங்கிய இயந்திரத்தின் பெறுமதியில் ஆண்டுதோறும் ஒரு பங்கைக் கழித்து வருவோம். பாறைகளும் தேய்கின்றன. ஆனால் மணற்பாறை ஆண்டுக்கு ஆண்டு ஒரே அளவாகத் தேய்வதில்லை.

கென்ட் மாவட்டத்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் பொதுவெளியில் வெலிங்டன் பாறைகள் இருக்கின்றன. டூட்டிங்கிலிருந்து ஒரு பகலில் போய்வரலாம். ஏறக்குறைய 14 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணல் இறுகி உண்டானவை இவை.

நமது யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மழைநீரில் மெல்ல மெல்லக் கரையும். மணற்பாறையின் மணிகள் எளிதில் கரைவதில்லை. அவற்றை ஒட்டிவைத்திருக்கும் பசைதான் விட்டுப்போகும். பிறகு மணி மணியாக உதிரும்.

மழைநீர் இந்தப் பாறைக்குள் ஊறுகிறது. வெயில் வரும்போது அந்த ஈரம் மேற்பரப்புக்கு வந்து ஆவியாகிறது. அதில் கரைந்திருந்த சிலிக்கா போன்றவை அங்கே படிந்து, பாறைக்கு ஒரு கடினமான மேல்தோலாகின்றன. உள்ளே இருப்பதோ மிக மென்மையான கல். தோல் இருக்கும்வரை தேய்மானம் மிகக் குறைவு. தோல் உடைந்தால் மழை, உப்பு, உறைபனி மூன்றும் உள்ளே புகுந்துவிடும். நீர் உறையும்போது அதன் கனவளவு சுமார் 9 வீதம் கூடுவதால் நுண்துளைகள் பிளக்கின்றன. துளைகளில் வளரும் உப்புப் படிகங்களும் இதையே செய்கின்றன. தேன்கூடு போன்ற குழிகள் சில இப்படி வந்தவைதான்.

சென்ற கோடையில் அங்கு போனபோது என் மருமகன் திறப்பினால் தன் பெயரைக் கீறத் தொடங்கினான். ஏற்கெனவே பல பெயர்கள் இருந்தபடியால் அவனுக்கு அது பிழையாகப் படவில்லை. பக்கத்தில் தோல் போன ஓரிடத்தை விரலால் தடவச் சொன்னேன். விரலில் மணல் ஒட்டியது. திறப்பைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டான்.

அந்தப் பகுதிப் பாறைகளில் ஏறுவோருக்கும் விதிமுறைகள் உள்ளன. ஈரமாக இருக்கும்போது ஏறக்கூடாது. அப்போது கல் பலமிழந்திருக்கும். கயிறு பாறை விளிம்பில் உரசக்கூடாது. உரசினால் ஆழமான தடம் விழும்.

இயந்திரம் தேய்ந்தால் புதிது வாங்கலாம். இந்தத் தோலை விலைகொடுத்து வாங்க முடியாது. விடுமுறைக்குப் பிள்ளைகளுடன் அங்கு போகிறவர்கள் இதை அவர்களுக்கும் சொல்லுங்கள்.