நிலம் ஒருவருக்கு, பணம் இன்னொருவருக்கு... நடுவில் நிற்கும் வாலிபருக்கு என்ன?
நகையை அடகு வைத்து 'அக்ரிமெண்ட்' போடும் புது வியாபாரிகள்

புதுக்கோட்டை:

ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் எப்போதும் கூட்டம்தான். பத்திரம் எழுதுகிறவர், சாட்சிக் கையெழுத்துக்கு வந்தவர், டீக்கடை பெஞ்சில் மஞ்சள் பையோடு காத்திருக்கும் கிராமத்துப் பெரியவர்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வாலிபரையும் பார்க்கலாம். கக்கத்தில் பிளாஸ்டிக் உறை. உள்ளே பட்டா நகல், வில்லங்கச் சான்று, நாலாக மடித்த ஒரு அக்ரிமெண்ட். நிலம் அவருடையது அல்ல. வாங்கப் போகிறவரும் அவர் அல்ல. ஆனால், அந்த இரண்டு பேரையும் விடப் படபடப்பு அவருக்குத்தான்!

காரணம் இருக்கிறது. அக்ரிமெண்டுக்கு அட்வான்சாகக் கொடுத்த பணம், மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கியது.

இவர் சாதாரணத் தரகர் இல்லை. தரகர் இரு தரப்பையும் சேர்த்து வைத்து கமிஷன் வாங்குவார். கைக்காசு போடமாட்டார். இவரோ நில உரிமையாளரிடம் ஒரு விலை பேசி, முன்பணம் கொடுத்து, கெடு வைத்து அக்ரிமெண்ட் போடுகிறார். கெடுவுக்குள் கூடுதல் விலைக்கு ஆள் பிடித்து, நிலத்தை நேராக அவர் பெயருக்கே கிரயம் முடித்து வைக்கிறார். நடுவில் உள்ள வித்தியாசம்தான் இவர் லாபம்.

"டவுன் மாநகராட்சி ஆயிருச்சு சித்தப்பு. இப்ப விட்டா இந்த வெலைக்கு ஆள் கெடைக்காது" என்று வாலிபர் சொல்வார். (புதுக்கோட்டை 2024-ல் மாநகராட்சி ஆனது.)

"ஆளு வர்றது இருக்கட்டும் தம்பி. பணம் எப்ப வரும்?" என்பார் நிலக்காரர். பேரம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

கணக்கைப் பாருங்கள்

பேச்சுக்கு ஒரு கணக்கு. ஆலங்குடி சாலைப் பக்கம் 60 சென்ட் நிலம். சென்ட் ரூ.40 ஆயிரம் என்று பேச்சு முடிகிறது. மொத்தம் 24 லட்சம். அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். கெடு மூன்று மாதம். அதற்குள் சென்ட் ரூ.45 ஆயிரத்துக்கு ஒருவர் கிடைத்து விட்டால் 27 லட்சம். வித்தியாசம் 3 லட்சம்.

தானே வாங்கி விற்றால் என்ன? அங்கேதான் சூட்சுமம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம்; இது 4 ஆக இருந்து 2023-ல் குறைக்கப்பட்டது. ஆக 9 சதவீதம். 24 லட்சத்துக்கு ரூ.2 லட்சத்து 16 ஆயிரம். மூன்று லட்சத்தில் அது போனால் மிச்சம் 84 ஆயிரம். அதோடு, முழுப் பணத்தையும் முதலில் கையிலிருந்து போட வேண்டும். ஆகவேதான் இவர் தன் பெயருக்கு எழுதிக் கொள்வதே இல்லை. அக்ரிமெண்டில் "தங்களுக்கோ, தாங்கள் சொல்லும் நபருக்கோ கிரயம் செய்து கொடுக்கிறேன்" என்று ஒரு வரி இருக்கும். வியாபாரமே அந்த வரியில்தான் ஓடுகிறது. அந்த வரி இல்லை என்றால், கடைசி நேரத்தில் நிலக்காரர் "உனக்கு மட்டும்தான் எழுதித் தருவேன்" என்று மல்லுக்கு நிற்கலாம்.

அமெரிக்காவில் இதற்கு 'ஹோல்சேல்' என்று பெயர். அங்கேயும் வெறுங்கையோடு இறங்கியவர்கள் அதிகம். இல்லினாய் மாநிலத்தில் 2019-ல் கடிவாளம் போட்டார்கள். 12 மாதத்தில் ஒரு தடவைக்கு மேல் இப்படிக் கைமாற்றினால் தரகர் லைசென்ஸ் வேண்டும்!

காகிதம் நிலம் ஆகாது

புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். அக்ரிமெண்ட் கையில் இருந்தால் நிலமே கையில் இருப்பதாக நினைப்பு. 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: விற்பனை ஒப்பந்தம் மட்டும் நிலத்தில் எந்த உரிமையும் தராது. ஒப்பந்தப்படி எழுதிக் கொடு என்று கேட்கலாம். மறுத்தால் கோர்ட்டுக்குப் போகலாம். அவ்வளவுதான்.

கெடு முடிந்து ஆள் கிடைக்காவிட்டால்? 'முன்பணம் திரும்பாது' என்று எழுதியிருந்தால், நிலக்காரர் அதை வைத்துக் கொள்ளலாம். 2012-ல் சுப்ரீம் கோர்ட் இதை ஒப்புக் கொண்டு தீர்ப்பளித்தது. ஒன்றரை லட்சம் அம்போ! அடகுக் கடை வட்டி மட்டும் நிற்காது.

இன்னொரு விவகாரம். 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். ஆனாலும் முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சி வைத்து மடித்துக் கொள்கிறவர்கள் இன்றும் உண்டு. செலவு மிச்சம் என்று ஒருவர் நினைக்கிறார். வில்லங்கத்தில் ஏறிவிடுமே என்று இன்னொருவர் பயப்படுகிறார்.

நிலக்காரர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. பதிவான அக்ரிமெண்ட் வில்லங்கச் சான்றில் வந்து விடும். கெடு தாண்டினாலும், இரண்டு பேரும் வந்து ரத்துப் பத்திரம் எழுதாமல் அது எளிதில் நீங்காது. "ரத்துக் கையெழுத்து வேணுமா? கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க" என்று கை நீட்டும் ஆசாமிகளால் கெட்ட பெயர் எல்லோருக்கும்.

அட்வான்சை ரொக்கமாகக் கொடுப்பதும் ஆபத்து. 2015 ஜூன் 1 முதல், நிலம் விற்பதற்காக ரூ.20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு தொகை அபராதம். அபராதம் வாங்கியவருக்கு. மஞ்சள் பைப் பெரியவருக்கு இதை யார் சொல்வது?

'பவர்' என்ற பொறி

சிலர் அக்ரிமெண்டோடு பொதுப் பவரும் எழுதி வாங்கிக் கொள்கிறார்கள். பவரை வைத்துக் கொண்டே நிலம் கைமாறிவிட்டது என்று பேசுவது செல்லாது. 2011 அக்டோபர் 11-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது இது: அக்ரிமெண்ட், பவர், உயில் மூன்றும் சேர்ந்தாலும் கிரயம் ஆகாது. பவர் கொடுத்தவர் இறந்து போனால் பொதுவாகப் பவரும் போச்சு.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் வில்லங்கம், பட்டா, தாய்ப்பத்திரம், புலப்படம் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பார்ப்பதுதான் இல்லை. புதுக்கோட்டையில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை. 1948 மார்ச் 3-ல் இந்தியாவோடு இணையும் வரை இது தொண்டைமான் சமஸ்தானம். கோவில்களுக்கு இனாமாக விட்ட நிலம் நிறைய. உழுகிறவர் மூன்று தலைமுறையாக உழுது கொண்டிருப்பார். ஊரே அவர் நிலம் என்று சொல்லும். பதிவுக்குப் போனால் கோவில் சொத்து என்று திரும்பி வரும்! கண்மாய்ப் புறம்போக்கும் இதே கதைதான்.

அதை விடப் பெரிய கண்ணி, பெண் பிள்ளைகளின் கையெழுத்து. பட்டா அண்ணன் பெயரில் இருக்கும். அண்ணனும் "எல்லாம் நம்ம பொறுப்பு தம்பி" என்பார். ஆனால் 2005-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இந்துக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. அறந்தாங்கியில் கட்டிக் கொடுத்த அக்கா, "எம் பங்கு எங்கே?" என்று வந்தால் கெடு ஓடிக் கொண்டே இருக்கும், கிரயம் நடக்காது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பஸ் ஏறிப் போய் அக்காவைப் பார்த்து வருகிற வாலிபர் பிழைத்துக் கொள்வார்.

வயலைத் துண்டு போட்டு மனையாக விற்கும் ஆசையும் வேண்டாம். 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவாகாத, அங்கீகாரமும் இல்லாத மனையை இப்போது மனை என்று பதிய முடியாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, 8 மனைக்கு அதிகமான லே-அவுட் என்றால், அதில் விற்றுக் கொடுக்கும் ஏஜெண்டும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ.10 ஆயிரம் அபராதம்.

கிரயம் நடக்கும் நாள்

எல்லாம் சரியாக நடந்து, கிரய நாளும் வருகிறது. பாதித் தகராறு அன்றுதான் கிளம்பும். பத்திரத்தில் '27 லட்சம்' என்று படித்துக் காட்டும்போதுதான் நிலக்காரருக்கு விஷயமே தெரிகிறது. "எங்கிட்ட 24-ன்னு சொன்னியே தம்பி!" சண்டை ஆபீஸ் வாசலுக்கு வந்துவிடும். தவிர, 27 லட்சம் தன் பெயரில் எழுதப்பட, 24 மட்டும் வாங்கிய பெரியவரிடம்தான் மிச்சம் 3 லட்சம் எங்கே என்று வரி ஆபீசில் கேட்பார்கள்.

விவரமான வாலிபர் இதை ஆரம்பத்திலேயே போட்டு உடைக்கிறார். "சித்தப்பு, உங்களுக்கு சென்ட்டு நாற்பது. அதுக்கு மேல போனா எனக்கு. சம்மதமா?" கிரயப் பத்திரத்தில் தானும் ஒரு தரப்பாகக் கையெழுத்துப் போடுகிறார். யாருக்கு எவ்வளவு என்று பத்திரத்திலேயே எழுதி, பாங்கி மூலம் கொடுக்கச் சொல்கிறார்: பெரியவருக்கு பாக்கி இருபத்திரண்டரை லட்சம், தனக்கு அட்வான்ஸ் ஒன்றரையும், வித்தியாசம் மூன்றும்.

கைரேகை, போட்டோ முடிந்து வெளியே வர மத்தியானம் மூன்று மணி. பெரியவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, வாலிபர் கீழ ராஜ வீதிப் பக்கம் விரைகிறார். அடகுக் கடை மூடுவதற்குள் நகையைத் திருப்ப வேண்டும்.