ஒரே லாட்டில் வந்த மென்பொருள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு ஏறலாம் என்றால் அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். திருப்பூரின் நெருப்பெரிச்சலிலோ ராயபுரத்திலோ ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டின் ஆபீஸ் மேஜையில் பத்து வருடமாக உழைக்கும் கணினிக்கு அந்தத் தகுதி இருக்காது. அதற்காக அதைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதில்லை, லினக்ஸ் போடலாம். எந்த லினக்ஸ், அதில் எந்த வெளியீடு, அதை எப்போது மேம்படுத்துவது என்ற மூன்றும் தெரிந்துகொண்டு போட வேண்டும்.

லினக்ஸ் என்பது உண்மையில் வன்பொருளோடு பேசும் கெர்னல் மட்டுமே. பிரவுசர், எழுதும் செயலி, பிரின்டரை இயக்கும் நிரல் எல்லாம் உலகெங்கும் வெவ்வேறு குழுக்கள் தனித்தனியாக எழுதுபவை. அவற்றைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒத்துப்போகச் செய்து, பொதிகளாகக் கட்டித் தருவதே டிஸ்ட்ரிபியூஷன். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் அவற்றில் மூத்த ஒன்று. முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்துவது. அதன் 13-ஆம் வெளியீட்டில் ஏறக்குறைய 70,000 பொதிகள் இருக்கின்றன.

இவ்வளவையும் எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. புதிய பொதி முதலில் 'சிட்' என்ற நிலையற்ற கிளைக்குள் நுழையும். டெபியன் தன் வெளியீடுகளுக்கு 'டாய் ஸ்டோரி' படப் பாத்திரங்களின் பெயர் வைப்பது வழக்கம். சிட் அதில் பொம்மைகளை உடைக்கும் பையன். அந்த நிலையற்ற கிளையில் வழக்கமாக இரண்டு முதல் பத்து நாட்கள் பெரிய பிழை எதுவும் புகாராகாமல் தாண்டினால்தான் பொதி சோதனைக் கிளைக்குப் போகும். சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கிளையைப் படிப்படியாக உறையவைப்பார்கள். அதன்பின் புதுமைக்கு இடமில்லை, பிழை திருத்தம் மட்டும்தான். 13-ஆம் வெளியீடான 'டிரிக்ஸி'க்கு இந்த உறைநிலை 2025 மார்ச் 15-இல் தொடங்கியது. வெளியானது ஆகஸ்ட் 9-இல். ஏறத்தாழ ஐந்து மாதம் பிழை பொறுக்குவதற்கே போயிருக்கிறது.

திருப்பூர்க்காரர்களுக்கு இதன் அருமையைச் சொல்வது எளிது. ஒரே ரெசிபி, ஒரே சாயம் என்றாலும் இரண்டு லாட்டில் சாயமேற்றிய துணி அப்படியே ஒரே ஷேடில் வந்துவிடாது. முன்பக்கத்தை ஒரு லாட்டிலும் கையை இன்னொரு லாட்டிலும் வெட்டித் தைத்தால் செக்கிங் டேபிளில் பீஸ் தள்ளுபடி. டெபியனின் ஒரு வெளியீடு ஒரே லாட். அதிலுள்ள பொதிகள் சேர்ந்தே சோதிக்கப்பட்டவை. புதிய பதிப்பு வேண்டுமென்று சோதனைக் கிளையிலிருந்து நாலு பொதியை உருவிக் கலந்தால், இன்றைக்கு ஓடினாலும் அடுத்த மேம்படுத்தலில் எங்காவது சிக்கும். இப்படிக் கலக்காதீர்கள் என்று டெபியன் திட்டமே எச்சரிக்கிறது.

எல்லா டிஸ்ட்ரிபியூஷனும் இதே தாளத்தில் நடப்பதில்லை. ஆர்ச் லினக்ஸுக்கு வெளியீடு என்பதே கிடையாது. பொதிகள் வர வர உடனே புதுப்பித்துக்கொண்டே போகும். ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒன்று, ஆதரவு சுமார் பதின்மூன்று மாதம். டெபியனிலிருந்து 2004-இல் கிளைத்த உபுண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் வரும்; இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரல் வெளியீட்டுக்கு மட்டும் ஐந்தாண்டு ஆதரவு. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழிவந்ததே. 2011-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு அதுவும் சேர்த்தே தரப்பட்டது. அந்த மடிக்கணினி வாங்கிய பிள்ளைகள் இன்று யூனிட்டுகளில் கணக்குப் பார்க்கிற வயதுக்கு வந்துவிட்டார்கள்.

பில் போடும் கணினிக்கு என் தேர்வு டெபியன் அல்லது உபுண்டுவின் ஐந்தாண்டு வெளியீடு. இவற்றில் அன்றாடம் வருவது பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தமும் பிழை திருத்தமும்தான், திரை ஒருநாளும் திடீரென மாறாது. டெபியன் 13-க்கு முழு ஆதரவு 2028 வரை, அதற்குப் பின்னும் சுமார் இரண்டாண்டு நீடித்த ஆதரவு.

அடுத்த வெளியீட்டுக்கு ஏறும்போது படி தாண்டக்கூடாது. 11-இலிருந்து நேரே 13-க்குப் போக டெபியனில் வழியில்லை. 12-இல் கால்வைத்துத்தான் போக வேண்டும். முதலில் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, இருக்கும் வெளியீட்டைக் கடைசித் திருத்தம் வரை கொண்டுவந்து, பிறகு களஞ்சியப் பட்டியலில் வெளியீட்டின் பெயரை மாற்றினால் ஏபிடி என்ற கருவி எந்தப் பொதிக்கு எது தேவை என்று கணக்கிட்டு வரிசையாக மாற்றும். உபுண்டு இன்னும் நிதானம். முந்தைய ஐந்தாண்டு வெளியீட்டில் இருப்பவர்களுக்கு, புதியதன் முதல் திருத்த வெளியீடு வந்த பிறகே அழைப்பு விடுக்கும். ஷிப்மென்ட் வாரத்திலும், ஜிஎஸ்டி கணக்குக் கட்டும் 20-ஆம் தேதியை ஒட்டியும் இந்த வேலையில் இறங்கக்கூடாது. தீபாவளிக்குத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய் யூனிட் மூடியிருக்கும் நாட்கள் தோதானவை.

முதல்முறை நிறுவுவதற்கு ஒரு பென்டிரைவ் போதும். அதிலிருந்தே கணினியை லைவாக ஓட்டிப் பார்க்கலாம், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. வைஃபை, பிரின்டர், பார்கோடு ஸ்கேனர் மூன்றையும் அப்போதே சோதித்துவிடுங்கள். நிறுவும்போது கோப்புகளுக்கான 'ஹோம்' பகுதியைத் தனிப் பார்ட்டிஷனாக வைத்தால், பின்னால் அமைப்பை மட்டும் அழித்துப் போட நேர்ந்தாலும் ஆர்டர் ஷீட்டுகள் தப்பும். மிகப் பழைய 32-பிட் கணினி என்றால் கவனம்: டெபியன் 13-இல் அதற்கு நிறுவி கிடையாது.

இ-வே பில், மெயில், எக்செல் கோப்புகள் பிரவுசரிலும் லிப்ரே ஆபீஸிலும் முடிந்துவிடும். எம்பிராய்டரி மெஷின் கேட்கும் டிஎஸ்டி கோப்பை இங்க்ஸ்கேப்போடு இங்க்/ஸ்டிட்ச் நீட்சியைச் சேர்த்து உருவாக்கலாம். டேலியும் மார்க்கர் போடும் கேட் (CAD) மென்பொருட்கள் பலவும் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. அவை ஓடும் கணினியை மட்டும் விண்டோஸ் 11-க்கு மாற்றிக்கொண்டு, லினக்ஸை மற்ற மேஜைகளிலிருந்து தொடங்கலாம்.