பம்புக் குழாயில் காற்றுப் புகுந்தால்



பினாங்கு ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை இருக்கிறது. முன்னாளில் அதன் பெயர் பிட் ஸ்திரீட். 1801இல் தோன்றிய இந்திய முஸ்லிம் பள்ளிவாசலின் பெயரே இன்று சாலைக்கு வழங்குகிறது. அந்த வட்டாரத்துப் பழைய கடைவீடுகள் சிலவற்றின் முற்றத்தில் கிணறு உண்டு. கடலோரத் தாழ்நிலமாகையால் தண்ணீர் அதிக ஆழத்தில் இராது. தரைமேல் வைக்கும் பம்பே போதும். தோட்டப்புறத்து மேட்டுநிலக் கிணறு அப்படியன்று. காரணம் என்ன?

பம்பு தண்ணீரை இழுக்கிறது என்கிறோம். உண்மையில் அது குழாயிலுள்ள காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. வெளிக்காற்றுதான் கிணற்று நீரை அழுத்தி மேலே தள்ளுகிறது. அது தள்ளக்கூடிய உயரம் ஏறக்குறைய 34 அடி. நடைமுறையில் 25 அடிதான். நீர்மட்டம் அதற்கும் கீழே போனால், பெரிய பம்பு வாங்கித் தரைமேல் வைத்தாலும் பயனில்லை.

ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலில் இளநீர் ஏறுமா? பம்புக்கும் அதே கதிதான். உறிஞ்சும் குழாயில் ஊசித்துளை இருந்தால், பம்பு ஓடும்போது காற்று உள்ளே போகுமே தவிர தண்ணீர் வெளியே கசியாது. திறந்த குழாய் விட்டுவிட்டுத் துப்புவதே அதன் அடையாளம்.

முதலில் நீர்மட்டம் பார்ப்போம். குழாயின் அடிமுனை எப்போதும் நீரில் நன்றாக மூழ்கியிருக்க வேண்டும். அடுத்து, பம்பை நிறுத்தி, மேல்மூடியைத் திறந்து தண்ணீர் நிரப்புவோம். ஊற்றிய நீர் இறங்கிப்போனால், அடிவால்வில் குப்பை சிக்கியிருக்கலாம். அல்லது கிணற்றுக்குள் குழாய் விரிந்திருக்கலாம். நீர் இறங்காமல் நின்றும், ஓடும்போது காற்று வந்தால், மேலுள்ள மூட்டுகளில் கோளாறு. பம்பு ஓடுகையில் குழாய் மூட்டுகளில் கெட்டியான சோப்பு நுரை தடவுவோம். நுரை எங்கே உள்ளிழுக்கப்படுகிறதோ, அங்கேதான் ஓட்டை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மரையில் வெள்ளை நாடா சுற்றி இறுக்குவோம். குழாயும் கிணற்றிலிருந்து பம்பு வரை ஏறுமுகமாகவே இருக்கட்டும். நடுவில் மேடு இருந்தால் காற்று அங்கே தங்கிவிடும்.

தண்ணீரின்றிப் பம்பை ஓடவிடக் கூடாது. உள்ளிருக்கும் சீலுக்குத் தண்ணீரே குளிர்ச்சி. அது இல்லாவிட்டால் கருகிவிடும்.

பம்பு போனால் இன்னொன்று வாங்கலாம், உயிர் போனால்? அடிவால்வைக் கழற்றக் கிணற்றில் இறங்காதீர்கள். குழாயைக் கயிறுகட்டி மேலே தூக்குங்கள். கிணற்றடியில் மூச்சுக்காற்று குறைந்திருக்கலாம். பெட்ரோல் இயந்திரத்தை உள்ளே இறக்கினால் மணமற்ற நச்சுப்புகை தேங்கும். ஒருவர் மயங்கினால் மற்றவர் பின்னால் குதிக்க வேண்டாம். உடனே 999ஐ அழையுங்கள். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம்.