துடுப்பும் அளாப்பும்

ஊரில் கிளித்தட்டு விளையாடியவர்களுக்குப் "பட்டது", "படேல்லை" என்ற சண்டை மறந்திருக்காது. அளாப்புகிறவன் அன்றைக்கு வெல்வான். அடுத்த நாள் அவனை ஒருவரும் தங்கள் பக்கம் எடுக்க மாட்டார்கள். அதே சண்டை இத்தனை வருடங்களுக்குப் பிறகு, யேர்மனியில், குளிர்ந்த தண்ணீருக்கு நடுவில் திரும்பி வருமென்று நான் நினைத்திருக்கவில்லை.

எங்கள் மகளுக்கு 12 வயது. இரண்டு வருடமாக ஒரு கழகத்தில் கனூ ஸ்லாலம் பழகுகிறாள். பாய்ந்தோடும் தண்ணீரில் சிறு வள்ளத்தைத் துடுப்பால் வலித்து, மேலே கம்பியில் தொங்கும் தடிகளுக்கு ஊடாக வளைந்து வளைந்து போகும் போட்டி இது. இரண்டு தடி சேர்ந்தால் ஒரு படலை. பெரிய போட்டிகளில் 18 முதல் 25 படலைகள் இருக்கும். பச்சைத் தடி என்றால் தண்ணீர் போகும் திசையில் போகவேண்டும். சிவப்புத் தடி என்றால் வள்ளத்தைத் திருப்பி, தண்ணீரை எதிர்த்து ஏறவேண்டும். உடம்போ வள்ளமோ துடுப்போ தடியில் பட்டால் 2 செக்கன் தண்டனை. படலையைத் தவறவிட்டால் 50 செக்கன். ஓடிய நேரத்தோடு இவற்றையும் கூட்டிக் குறைந்த நேரம் எடுத்தவரே வெற்றியாளர்.

சென்ற மாரி முழுவதும் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரே பேச்சு: இதில் எப்படி அளாப்பலாம்? பிள்ளைகள் கண்டுபிடித்த வழிகளை வாசகர்களுக்கும் சொல்கிறேன். சிரித்துவிட்டு மறந்துவிடுங்கள்.

முதலாவது வழி, பொம்மைத் தலை. படலைக்கு ஊடாகப் போட்டியாளரின் முழுத்தலையும் வள்ளத்தின் ஒரு பகுதியும் போகவேண்டும் என்பது சட்டம். ஆகவே நீண்ட தடியில் ஒரு றப்பர் தலையைக் கட்டி அதைப் படலைக்குள் நீட்டிவிட்டு நாம் சுகமான பக்கத்தால் போய்விடலாம். "பிள்ளை, இதில் எந்தத் தலை உம்முடையது?" என்று நடுவர் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.

இரண்டாவது, தங்கூசி. கண்ணுக்குத் தெரியாத தங்கூசியைத் தடியில் கட்டி, கரையில் மரத்தில் ஏறியிருக்கும் சிநேகிதர் சரியான நேரத்தில் தடியை இழுத்து விலக்கவேண்டும். 25 படலைக்கு 50 தடி, 50 சிநேகிதர். அவ்வளவு பேரைச் சேர்க்க முடிந்தால் திருவிழாவே வைக்கலாம்.

மூன்றாவது, இரவோடு இரவாகச் சிவப்புத் தடிகளுக்குப் பச்சை பூசுவது. எதிர்நீச்சலே இல்லை! ஆனால் மற்றவர்களுக்கும் இல்லை என்பதைச் சின்னவன் எடுத்துச் சொன்னபோது இந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

நான்காவது, அம்மம்மா. பிள்ளை படலைக்கு வரும் நேரம் பார்த்து அம்மம்மா நடுவரின் கதிரைக்குப் பக்கத்தில் போய், "தம்பி, சாப்பிட்டாச்சோ?" என்று வடைப் பெட்டியைத் திறக்கவேண்டும். அம்மம்மாவுக்கு இந்தத் திட்டம் மிகவும் பிடித்துக்கொண்டது. ஒரு படலையை ஒன்றுக்கு மேற்பட்ட நடுவர்கள் பார்ப்பதுண்டு என்றோம். "அப்ப கூடச் சுடுவம்" என்றார்.

ஐந்தாவது, தண்ணீர். எங்கள் முறை வரும்போது மட்டும் வேகத்தை மாற்றித்தரும்படி மோட்டர் இயக்குபவரைப் பிடிப்பது. பம்பினால் தண்ணீர் ஏற்றும் இடங்களில் இதை யோசித்தாவது பார்க்கலாம். அவுக்ஸ்பூர்க் நகரின் ஐஸ்கனாலில் அதுவும் சரிவராது. அங்கே தண்ணீர் லெக் ஆற்றிலிருந்து வருகிறது. ஆற்றுக்கு யார் லஞ்சம் கொடுப்பது?

அந்த ஐஸ்கனாலுக்கு ஒரு கதை உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில்தான் இந்தப் போட்டி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அதற்காக மேற்கு யேர்மனியர் அவுக்ஸ்பூர்க்கில் இந்தச் செயற்கை நீரோட்டத்தைக் கட்டினார்கள். கிழக்கு யேர்மனியர் அதைக் கவனமாகப் பார்த்துவிட்டுப் போய், தங்கள் நாட்டில் ஸ்விக்காவ் நகரில் அதைப்போலவே இன்னொன்றைக் கட்டி அதிலே பழகினார்கள். போட்டி முடிந்தபோது நான்கு தங்கப் பதக்கமும் அவர்களுக்கே. இதன்பின் 1992 பார்சிலோனா வரை 20 வருடங்கள் இந்தப் போட்டி ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை.

"இது அளாப்பு இல்லையோ அப்பா?" என்று மகள் கேட்டாள். நான் யோசித்துச் சொன்னேன்: "ஆற்றைக் கொப்பி அடிக்கலாம் பிள்ளை. ஆனால் துடுப்பை அவையள்தானே வலிச்சவை."

எனக்கு நானே மெச்சிக்கொண்ட அந்தப் பதில் இந்த வைகாசியில் சோதனைக்கு வந்தது.

கழகங்களுக்கிடையிலான ஒரு சிறு போட்டி. மகள் மூன்றாவதாக வந்தாள். தண்டனை 0 என்று பலகையில் எழுதியிருந்தது. பரிசளிப்புக்குக் காத்திருந்தபோது அவள் முகம் சரியாக இல்லை.

"பதினோராம் படலையில் என்ரை தலைக்கவசம் தடியில் பட்டது அப்பா. நடுவருக்கு முகத்துக்கு நேரை வெயில். அவர் காணேல்லை."

சந்தேகம் என்றால் அதன் பலன் போட்டியாளருக்கே என்பது இந்த விளையாட்டின் சட்டம். அதைத்தான் நானும் சொன்னேன். "அவர் காணாட்டில் விடு பிள்ளை."

"அவருக்குத்தான் சந்தேகம். எனக்குச் சந்தேகம் இல்லையே" என்றாள்.

நான் வாயடைத்துப் போனேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி விசாரணை மேசைக்கு முன்னால் இருந்த நாள் நினைவுக்கு வந்தது. என்னிடம் கடிதம் இல்லை, படம் இல்லை, சாட்சி இல்லை. இருந்தது என் சொல் ஒன்றுதான். ஒரே கேள்வியை மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். நான் சொன்னதை யாராவது நம்பவேண்டுமே என்று அன்று தவித்த மனிதன், இன்று தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது இதுவா?

இருவரும் நடுவர்களின் மேசைக்குப் போனோம். அவள்தான் பேசினாள், என்னைவிட நல்ல டொச்சில். அவர்கள் கூடிப் பேசி 2 செக்கனைச் சேர்த்தார்கள். மூன்றாம் இடம் ஐந்தாம் இடமானது. பதக்கம் வேறொரு பிள்ளையின் கழுத்துக்குப் போனது. ஒருவரும் கை தட்டவில்லை. ஒரு நடுவர் மட்டும் எழுந்து அவளுக்குக் கை கொடுத்தார்.

காரில் வரும்போது அவள் அழுதாள். சரியானதைச் செய்தால் மனம் உடனே லேசாகிவிடும் என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்வது முழு உண்மையல்ல. 2 செக்கன் என்பது 12 வயதில் பெரிய நட்டம். நான் ஒன்றும் பேசாமல் ஓட்டினேன்.

பின் இருக்கையிலிருந்து அம்மம்மாதான் வாய் திறந்தார்.

"அழாதை குஞ்சு. அடுத்த முறை நான் வடை கொண்டு வாறன். அந்தக் கை குடுத்த தம்பிக்கு மட்டும்."