பெயரைச் சொன்னால் கோப்பு வரும்

குண்டசாலையிலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார்: "என் மடிக்கணினியில் ஒழுங்காக ஓடிய பிஎச்பி நிரல், சேர்வரில் ஏற்றியதும் 'கிளாஸ் இல்லை' என்கிறது. கோப்பு அங்கேதான் இருக்கிறது. ரிக்வயர் வரி போட்டால் ஓடுகிறது. ஆட்டோலோடை நம்பலாமா?"

தாராளமாக நம்பலாம், தங்கச்சி. அது எதை வைத்துக் கோப்பைத் தேடுகிறது என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

ரிக்வயரில் கோப்பின் பாதையை நாமே எழுதுகிறோம். கோப்பை இடம் மாற்றினால் அதை அழைக்கும் பக்கங்களையெல்லாம் திருத்த வேண்டும். 2004இல் வந்த பிஎச்பி 5 இதற்கு வழி திறந்தது. அறியாத கிளாஸ் ஒன்று எதிர்ப்பட்டால், நாம் எழுதிவைத்த ஃபங்ஷனிடம் அதன் பெயரைக் கொடுக்கும். பெயரைப் பாதையாக்கிக் கோப்பைக் கொண்டுவருவது ஃபங்ஷனின் வேலை; இதுதான் ஆட்டோலோட். பெயரும் கோப்புறையும் எப்படிப் பொருந்த வேண்டும் என்பதை 2013இல் பிஎஸ்ஆர்-4 என்ற விதிமுறை வகுத்தது. இன்று கம்போசர் என்ற கருவி அதன்படி கோப்பை எடுத்துத் தருகிறது.

என்னை விடாமல் இழுக்கும் விசித்திரம் இனித்தான். கிளாஸ் பெயரில் கப்பிட்டல், சிம்பிள் எழுத்து வேறுபாட்டை பிஎச்பி பார்ப்பதில்லை. கோப்புப் பெயரில் விண்டோஸும் வழக்கமாகப் பார்ப்பதில்லை; லினக்ஸ் பார்க்கும். கப்பிட்டலில் தொடங்கும் கோப்பிலுள்ள கிளாஸை நிரலில் சிம்பிளில் அழைத்தால், லினக்ஸ் சேர்வரில் ஆட்டோலோடுக்கு அந்தக் கோப்பு அகப்படாது. ஆனால் அதே ஓட்டத்தில் வேறொரு வரி சரியான எழுத்தில் முன்பே அழைத்திருந்தால், கிளாஸ் ஏற்கனவே உள்ளே இருக்கும்; பிழையான வரியும் ஓடிவிடும்! ஒரு பக்கம் ஓடும், அடுத்த பக்கம் விழும். உங்கள் ரிக்வயர் வரியும் கிளாஸை இப்படி முன்பே உள்ளே கொண்டுவந்துவிட்டது.

முகவரியில் எழுத்துப் பிழை இருந்தாலும் எங்கள் தபால்காரர் கடிதத்தை வீட்டில் சேர்ப்பார். ஆட்டோலோட் எழுதியதை எழுதியபடியே தேடும்.

ரிக்வயர் வரியால் பிழை மறைகிறதே தவிரத் தீர்வதில்லை. சுனாமிக்குப் பின் இலங்கைத் தன்னார்வலர்கள் பிஎச்பியில் எழுதிய சஹானா என்ற பேரிடர் நிவாரண மென்பொருள், 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. அப்படிக் கைமாறும் நிரலில், முன்பின் அறியாத ஒருவர் பெயரைப் பார்த்தே கோப்பை எடுக்க முடிய வேண்டும். பெயரொழுங்கு அவருக்குச் செய்யும் மரியாதை. கம்போசர் கட்டளையை மட்டும் மனனம் செய்விக்கும் வகுப்புகள் இதைச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய மனவருத்தம்.

எழுத்தைத் திருத்துங்கள், ரிக்வயரை நீக்குங்கள். பிறகு சொந்தமாக ஒரு சிறிய ஆட்டோலோடர் எழுதிப் பாருங்கள். கம்போசர் உள்ளே என்ன செய்கிறது என்பது அன்றைக்கே விளங்கிவிடும்.