சுவர் நிழலிலும் சமையலுக்குக் கீரை

சென்னை, கோவை போன்ற நகரங்களில் பல தனி வீடுகளில் வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே நாலடி அகலத்தில் ஒரு சந்து கிடக்கிறது. பக்கத்து அடுக்குமாடியின் நிழல் விழும் அந்த இடத்தில், காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் வெயில் எட்டிப் பார்ப்பதோடு சரி. அங்கே தக்காளியும் கத்தரியும் நட்டுப் பார்க்கிறார்கள். செடி மெலிந்து நெடுநெடுவென வளர்கிறதே தவிர, காய் பிடிப்பதில்லை. அலுத்துப்போய் சிமென்ட் பூசிவிடுகிறார்கள்.

குறை மண்ணில் இல்லை. இந்தக் காய்ச்செடிகளுக்குத் தினமும் ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். இலைக்கும் கிழங்குக்கும் அவ்வளவு தேவையில்லை.

அப்படிப்பட்ட இடத்துக்கு முதலில் நட வேண்டியது தவசிக்கீரை. நர்சரிகளில் 'மல்டி விட்டமின் கீரை' என்று கேட்டால் சட்டென எடுத்துத் தருவார்கள். பென்சில் கனமுள்ள முற்றிய குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றினால் துளிர்த்துவிடும். இடுப்பு உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளைகள் வெடிக்கும், வருடக்கணக்கில் பறிக்கலாம். பருப்புக் கூட்டுக்கும் தேங்காய்ப் பொரியலுக்கும் ஏற்ற கீரை.

ஆனால் இதைச் சமைத்துத்தான், அதுவும் அளவோடுதான் சாப்பிட வேண்டும். 1990-களின் நடுவில் தைவானில், எடை குறையும் என்று நம்பி இதைப் பச்சையாக அரைத்து வாரக்கணக்கில் சாறு குடித்த பலருக்கு நுரையீரலின் சிறு மூச்சுக்குழல்கள் மீள முடியாதபடி பழுதடைந்தன. கண்ட கீரையையும் மிக்சியில் போட்டு 'ஹெல்த் ஜூஸ்' குடிக்கும் பழக்கம் இங்கும் பரவிவருவதால், கன்று விற்பவர்களே இதைச் சொல்லி விற்பது நல்லது.

சுவரில் ஏற்ற வெற்றிலைக் கொடி பொருத்தமானது. கொடிக்கால்களிலேயே அகத்தியை வளர்த்து, அதன் நிழலில்தான் வெற்றிலையைப் படரவிடுகிறார்கள். ஈரம் தங்கும் தரையில் வல்லாரை தானாகவே ஓடிப் பரவும். யாழ்ப்பாணத்தார் அதைத் தேங்காய்ப்பூவோடு சம்பலாக்கிச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். தண்ணீர் தேங்கும் மூலை சேம்புக்கு. அதில் உள்ள ஆக்சலேட் ஊசிகள்தான் நாக்கை அரிக்கவைப்பவை. புளி விட்டு நன்றாக வேகவைத்தால் அடங்கும். மஞ்சளையும் இஞ்சியையும் சித்திரை, வைகாசியில் ஊன்றி, தை வாக்கில் தழை காய்ந்ததும் வேண்டியதைத் தோண்டிக்கொள்ளலாம். மண்ணில் விட்ட மீதி அடுத்த கோடை மழைக்கு முளைக்கும். விளைச்சல் வெயிலில் கிடைப்பதைவிடக் குறைவுதான், வீட்டுத் தேவைக்கு அது போதும்.

வெளிச்சமே எட்டாத இருட்டு மூலையில் இவையும் வராது. வீடு கட்டும்போது சுவரோரம் கொட்டிய சிமென்ட், செங்கல் துண்டுகளை அரையடி ஆழத்துக்காவது அள்ளிப்போட்டு, தொழுவுரம் கலந்த செம்மண் நிரப்ப வேண்டும். நிழலில் மண் மெதுவாகத்தான் காயும். விரலை விட்டுப் பார்த்து, உள்ளே உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விட்டால் வேர் அழுகாது. மழைக்காலத்தில் ராட்சத ஆப்பிரிக்க நத்தைகள் இரவோடு இரவாகத் துளிர்களை மொட்டையடித்துவிடும். அவற்றில் மனிதருக்கு நோய் தரும் ஒட்டுண்ணிப் புழு இருக்கக்கூடும் என்பதால், வெறுங்கையால் தொடாமல் கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போட வேண்டும்; பறித்த கீரையையும் நன்றாக அலசியே அடுப்பில் ஏற்ற வேண்டும்.