ஓர் எழுத்தும் ஓய்வூதியமும்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். காரைக்காலில் ஒரு நூற்பாலையில் உழைத்து ஓய்வு பெற்ற என் தந்தையாரின் ஓய்வூதிய மனு ஒருநாள் திரும்பி வந்தபோது, அதை என்னிடமே நீட்டினார். காரணம் தலைப்பெழுத்து! தாத்தா பெயரின் முதலெழுத்து தமிழில் 'கோ'. ஆங்கிலத்தில் ஆலைப் பதிவேடு 'கே' என்றது. ஆதார் 'ஜி' என்றது.

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-இல் வந்தது. பொதுவாகச் சம்பளத்தில் நூற்றுக்கு 12 பங்கைத் தொழிலாளியும், அதே அளவை நிர்வாகமும் செலுத்த வேண்டும். நிர்வாகத்தின் பங்கில் 8.33, 1995-இல் தோன்றிய ஓய்வூதியத் திட்டத்திற்குப் போகும். மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டுப் பணி வேண்டும். அதற்குச் சாட்சி யார்? ஏடுகளே! சேர்ந்த நாள், விலகிய நாள், பிறந்த தேதி, வாரிசு நியமனம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். 2014-இல் வந்த 12 இலக்க எண், வேலை மாறினாலும் கணக்குகளை இணைக்க உதவுகிறது. ஆனால் பெயர்ப் பிழையை அது தானே திருத்தாது.

தந்தையார் தகரப் பெட்டியில் காத்த சம்பளச் சீட்டுகளே கைகொடுத்தன. தொழிலாளியும் நிர்வாகமும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு மனுவால் எழுத்து திருந்தியது, ஓய்வூதியமும் வந்தது.

நண்பர்களே, நாளை வேலையில் சேரும் அன்றே நம் பெயரைச் சரிபார்ப்போம். இன்றே பெற்றோரின் பெட்டியைத் திறப்போம்!